குளமும் தாங்கியும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

திருகோணமலை மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களையும் அறிக்கைகளையும் பயில்வோர் ஒரு சொல்லை அடிக்கடி எதிர்ப்படுவர். 'டாங்க்' என்பதே அச்சொல். கந்தளாயிலே பரந்து கிடக்கும் பழைய நீர்நிலைக்கும் அதுவே பெயர். சீனக்குடாவிலே காட்டினிடையே வரிசையாக நிற்கும் எண்ணெய்க் கொள்கலங்களுக்கும் அதுவே பெயர். வீட்டுக் கூரைமேல் நீர் நிரப்பி வைக்கும் கலமும், போர்க்களத்திலே பீரங்கி தாங்கி ஊர்ந்து வரும் இரும்பு ஊர்தியும் அப்பெயராலேயே வழங்கும். அறிஞர் கூடி ஆராயும் குழாமொன்றையும், சந்தையில் விலை திடீரென வீழ்வதையும் இக்காலத்து ஆங்கிலேயர் அச்சொல்லைக் கொண்டே குறிப்பர்.

தமிழ் வழங்கும் நம்மவரோ இவற்றை ஒன்றாகக் கூறுவதில்லை. முதலாவதைக் குளம் என்கின்றோம். இரண்டாவதைக் குதம் என்கின்றோம். மூன்றாவது தண்ணீர்த் தாங்கி. நான்காவது யுத்தத் தாங்கி. ஒரு மொழியார் ஒன்றாகக் கண்டதை மற்றொரு மொழியார் வேறு வேறாகக் கண்டமைக்குக் காரணம் யாது? சொல்லாராய்ச்சியில் தோன்றும் இவ்வினா, ஆராயுமிடத்து நம் நீர்நிலைகளின் காவலோடும் தொடர்புடையதாதலை இக்கட்டுரை காட்ட முயலும்.

முதற்கண் சொல்லின் பிறப்பை நோக்குவோம். இச்சொல் கீழ்நாடுகளுக்கு வந்த ஆங்கிலேயர் தம் மொழியுட் சேர்த்துக்கொண்டதாகும். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இந்திய நீர்நிலைகளைக் குறிக்க அவர்கள் இதனை வழங்கினர். எங்கிருந்து பெற்றனர் என்பதில் இரு கொள்கைகள் உள. குசராத்தி, மராத்தி ஆகிய மொழிகளில் நிலத்தின்கீழ் நீர் தேக்கும் தொட்டியைக் குறிக்கும் 'டாங்கு' போன்ற சொல்லே மூலம் என்பது ஒன்று. நீர் தேங்குதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த 'தாங்கே' என்னும் போர்த்துக்கேயச் சொல்லே மூலம் என்பது மற்றொன்று. யூல் என்பவரும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னல் என்பவரும் தொகுத்து 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் அகராதி இவ்விரு கொள்கைகளையும் எடுத்து ஆராய்கின்றது. வேறு வேறு வேர்களிற் பிறந்த இரு சொற்கள் ஒலியாலும் பொருளாலும் ஒத்தமையால், இந்திய மேலைக் கடற்கரையிலே ஒன்றோடொன்று கலந்து ஒரு சொல்லாயின எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஈண்டு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழிலே 'தாங்கி' என்னுஞ் சொல் உளது. சுமைதாங்கி என்பதை அறியாதார் இலர். ஆகவே ஆங்கிலச் சொல் தமிழினின்றும் பிறந்ததெனச் சொல்ல ஆசை எழும். அது வரலாற்றுக்கு ஒவ்வாது. நீர்க்கலத்தைத் தாங்கி எனக் கூறும் வழக்கு, ஆங்கிலச் சொல் இங்கு வந்தபின் எழுந்தது. வந்த சொல்லின் ஓசைக்கு இசைந்ததொரு சொல் நம்மிடம் முன்னரே இருந்தது. நீரைத் தாங்குவது தாங்கி எனப் பொருளும் இசைந்தது. விருந்தினன் வீட்டாரின் உடையை உடுத்துக்கொண்டான் என்று கொள்ளுதலே முறை. சிங்கள மொழியும் கலத்துக்கு இவ்வந்நியச் சொல்லின் திரிபையே வழங்குகின்றது. நீர்நிலைக்கோ 'வெவ' என்னும் தன் பழஞ்சொல்லைக் கைவிடவில்லை.

இனிப் போர்க்கருவி அப்பெயர் பெற்ற வரலாறு. முதலாம் உலகப் போரிலே பிரித்தானியர் கவசமணிந்த ஊர்தியொன்றை இரகசியமாக அமைத்தனர். அதன் இயல்பு பகைவர்க்குப் புலனாகாதிருத்தற்பொருட்டு, நீர் கொண்டு செல்லும் கலம் எனப் பிறர் கருதுமாறு 1915 ஆம் ஆண்டின் இறுதியிலே 'டாங்க்' எனப் பெயரிட்டனர். 1916 செப்ரெம்பர் 15 ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாகத் தோன்றியது. மறைப்பதற்கென இட்ட பெயர் மறைவு நீங்கிய பின்னரும் நிலைத்துவிட்டது. குடிநீர்க்குரிய பெயர் கொலைக்கருவிக்கு உரியதாயிற்று.

நம் துறைமுகத்துக்குரிய பொருள் எண்ணெயைச் சார்ந்தது. நிலக்கரியை விடுத்து எண்ணெயால் ஓடத் தொடங்கிய பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காகச் சீனக்குடாவிலே இக்குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலத்து ஒரு குதம் எரிந்தழிந்தது. இன்று எஞ்சி நிற்பவை 99. 1987 யூலை 29 ஆம் நாள் செய்யப்பட்ட இந்திய இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இவை இடம்பெற்றன. 2003 இலும் 2022 சனவரியிலும் இவை குறித்து மேலும் உடன்படிக்கைகள் எழுந்தன. இத்தொகுதிக்கு ஆங்கிலத்திலே 'பண்ணை' என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. விதைப்பும் அறுவடையும் இல்லாத பண்ணை அது.

இவற்றிற்கெல்லாம் எதிரே கந்தளாய்க் குளத்தை வைத்துப் பார்ப்போம். கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் இதனைக் குளக்கோட்டு மன்னனின் திருப்பணியோடு இணைத்துப் பேசும். குளமுங் கோட்டமும் அமைத்தவன் என அப்பெயர்க்குப் பொருள் கூறுதலும் மரபு. பாளி நூலான சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணிகளுள் கூறும் குளமொன்றைக் கந்தளாய் என அறிஞர் கொள்வர். இரு மரபாரும் தத்தம் மன்னனுக்கு உரிமை கூறும் அளவுக்கு அக்குளம் பெருமையுடைத்து என்பது மட்டும் ஐயமின்றித் தெளிவாகும். ஒருவரும் தாங்கிக்கு இவ்வாறு உரிமை கொண்டாடார்.

குளத்திற்கும் தாங்கிக்கும் உள்ள வேற்றுமை அளவிலன்று, இயல்பிலேயே உள்ளது. தாங்கி நாற்புறமும் அடைபட்டது. ஊற்றியதை வைத்திருப்பதே அதன் தொழில். குளமோ மேற்புறந் திறந்தது. மழைநீர் வந்துசேரும் காட்டுநிலம், நீரைத் தேக்கும் கட்டு, வயலுக்குப் பாய்ச்சும் துருசு, மிகுநீர் வழியும் வான், கீழுள்ள வயல் ஆகிய அனைத்தும் கூடியதே குளம். வறண்ட வலயத்திலே மேற்குளத்தின் மிகுநீரும் வயலின் கழிநீரும் கீழ்க்குளத்துக்கு வரவாகின்றன. இவ்வாறு தொடர்ந்தமைந்த குளத்தொகுதிகளை உலக உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவமுடைய விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. சீனக்குடாவின் 99 குதங்களும் அருகருகே நின்றும் தனித்தனியானவை. பத்துச் சிறு குளங்கள் தொலைவில் இருந்தும் ஒரு குடும்பத்தன.

இவ்வேற்றுமையை மறந்தாற் பிழையான வேலை விளையும். கலத்தை ஆழமாக்கினால் மிகுதியாகக் கொள்ளும். ஆகவே குளத்தையும் ஆழத் தோண்டினால் வயலுக்கு மிகுதியாக நீர் கிடைக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆயின் துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. அது கால்நடைக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் உதவலாம்; நெல்லுக்கு உதவாது. அவ்வாறே, கட்டை உயர்த்தினால் மேற்புறத்து மரங்களும் நிலமும் நீருள் அமிழும். கீழ்க்குளத்தின் வரவுங் குறையும். பெருங்குளத்தின் கட்டுக்கு இடையறாத காவலும் வேண்டும். 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் அதிகாலையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தமையை இம்மாவட்டத்தார் மறந்திலர். நீர்நிலையைக் கலமென எண்ணுவோர், ஒருமுறை கட்டிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுதல் கூடும். முன்னோரோ ஆண்டுதோறும் கட்டுத் திருத்துதலை ஊரின் கடமைகளுள் ஒன்றாக வைத்தனர்.

தாங்கியை இகழ்தல் நம் கருத்தன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நிலாவெளி முதலிய கரையோர ஊர்களைத் தாக்கிக் கிணற்று நீரை உவர்ப்பாக்கிய காலத்திலே, பவுசர்களிற் கொண்டுவந்து பிளாஸ்ரிக் தாங்கிகளில் நிரப்பிய நீரே மக்கள் நாவை நனைத்தது. எனினும் அந்நீரும் எங்கோ ஒரு நீர்நிலையிலிருந்து அள்ளப்பட்டதேயாம். தாங்கி நீரைக் காக்கும், நீரை உண்டாக்காது.

ஆங்கிலம் இங்ஙனம் கலக்கின்றதெனக் கூறி நம் மொழியை மட்டும் புகழ்தலும் நடுநிலையன்று. தமிழகத்தார் வயலுக்குப் பாய்வதைப் பெரும்பாலும் ஏரி எனவும், ஆடுதற்குரியதைக் குளம் எனவும் பிரிப்பர். ஈழத்து வழக்கோ இரண்டையும் குளமென்றே கூறும். எம்மொழியும் சிலவற்றைப் பிரித்துச் சிலவற்றைச் சேர்க்கும். எதனை எங்கே சேர்த்தது என அறிந்துகொள்ளுதலே கற்றோர் கடன்.

ஆதலின் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் மாணவர், இச்சொல் வந்தவிடத்து அகராதியை மட்டும் நோக்காது, அது நிற்கும் இடத்தையும் நோக்குவாராக. அதனினும் மேலானதொரு பணியும் உளது. ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் குளங்களின் பெயரையும், கட்டு, துருசு, வான், வாய்க்கால் என்பவற்றுக்கு முதியோர் வழங்கும் பெயர்களையும் கேட்டெழுதி இக்கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராயின், மேற்குளம் எது, கீழ்க்குளம் எது என அறியாது திருத்த வேலைக்கு வருவோர்க்கு அவ்வேடுகள் வழிகாட்டும்.