ஓக்லஹோமா: பட்டா கைமாறிய வரலாறு

அமெரிக்காவில் டெக்சாசுக்கு வடக்கே உள்ள மாநிலம் ஓக்லஹோமா. 1907 நவம்பர் 16 அன்று 46ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. தலைநகர் ஓக்லஹோமா சிட்டி. அடுத்த பெரிய நகரம் டல்சா. போர்களைவிட ஒப்பந்தங்களும் பத்திரங்களும் சட்டப் பிரிவுகளுமே இம்மாநிலத்தை உருவாக்கின எனலாம். நிலம் யாருடையது என்ற வழக்கு இங்கே ஒரு தலைமுறைக்குக்கூட ஓய்ந்ததில்லை.

மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பூர்வகுடிகளை மேற்கே அனுப்பிவிட்டு அவர்களுடைய விளைநிலங்களை எடுத்துக்கொள்ள வழிசெய்த சட்டத்தில் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830 மே 28 அன்று கையெழுத்திட்டார். சோக்டா, மஸ்கோகி (கிரீக்), சிக்கசா, செரோக்கி, செமினோல் ஆகிய ஐந்து இனத்தாரும் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். 1838-39இல் வீடுகளிலிருந்து ராணுவம் வெளியேற்றிய சுமார் 16,000 செரோக்கிகளில் ஏறத்தாழ 4,000 பேர் பசியாலும் குளிராலும் நோயாலும் மாண்டனர். அந்தப் பயணத்துக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்று பெயர். புதிய நிலம் என்றென்றும் உங்களுடையதே என்று ஒப்பந்தங்கள் உறுதி கூறின.

வந்து சேர்ந்தவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. செரோக்கிகள் டாலக்வாவைத் தலைநகராக்கி, அரசியல் சட்டம் எழுதி, பள்ளிகள் திறந்தார்கள். செக்வோயா என்பவர் தம் மொழிக்கென உருவாக்கியிருந்த எழுத்துகளைக் கொண்டு 1844இல் செய்தித்தாளும் அச்சிட்டார்கள். அவர்களில் வசதி படைத்தவர்கள் கறுப்பின அடிமைகளையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போரில் ஐந்து இனங்களின் அரசுகளும் தென்மாநிலக் கூட்டமைப்புடன் உடன்படிக்கை செய்துகொண்டன. அக்கூட்டமைப்பின் தளபதிகளில் கடைசியாகச் சரணடைந்தவர் ஸ்டாண்ட் வாட்டி என்ற செரோக்கி (1865 ஜூன் 23). அந்த உடன்படிக்கைக்குத் தண்டனையாக 1866இல் திணிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் அடிமைகளை விடுவித்தன. கூடவே மேற்குப் பகுதி நிலங்களையும் பறித்தன.

பறித்ததில் சுமார் 20 லட்சம் ஏக்கர் எந்த இனத்துக்கும் ஒதுக்கப்படாமல் நடுவில் கிடந்தது. அதைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடச் சொல்லி 'பூமர்கள்' என்ற கூட்டத்தார் பத்தாண்டு காலம் கிளர்ச்சி செய்தார்கள். உள்ளே நுழைந்து கூடாரம் அடிப்பதும், ராணுவம் பிடித்து வெளியே விடுவதும், மறுபடி நுழைவதுமாகக் கழிந்தது அந்தக் காலம். முடிவில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் நாள் குறித்தார்: 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணி. அன்று எல்லைக்கோட்டில் சுமார் 50,000 பேர் குதிரைகளோடும் வண்டிகளோடும் நின்றார்கள். ரயிலில் தொற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஊதுகொம்பு முழங்கியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். 160 ஏக்கர் துண்டு ஒன்றில் முளைக்குச்சி அடித்துவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டும், முந்தியவருக்கு நிலம். காலையில் வெறும் ரயில் நிறுத்தங்களாக இருந்த கத்ரியிலும் ஓக்லஹோமா சிட்டியிலும் பொழுது சாய்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டிருந்தார்கள்.

நேர்மையாக ஓடி வந்தவர்கள் பார்த்தது, ஏற்கெனவே குச்சி நட்டு உட்கார்ந்திருந்த ஆட்களை. முந்தைய இரவே ஒளிந்து நுழைந்துவிட்ட இவர்களுக்கு 'சூனர்கள்' என்று பெயர். யார் சூனர், யார் இல்லை என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. பூமர் தலைவராக இருந்து ஓக்லஹோமா சிட்டியின் முதல் தற்காலிக மேயரான வில்லியம் கவுச், தன் நிலத்துக்கு உரிமை கோரிய இன்னொருவரால் சுடப்பட்டு, அந்த ஓட்டத்துக்கு ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு இறந்தார். சட்டத்தை ஏய்த்தவர்களைக் குறித்த அந்த வசைச்சொல் இன்று மாநிலத்தின் செல்லப்பெயர். பல்கலைக்கழகக் கால்பந்து அணியும் அதையே பெருமையாகச் சூடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஐந்து இனங்களின் பொது நிலத்துக்கு ஆபத்து வந்தது. 1898ஆம் ஆண்டின் கர்ட்டிஸ் சட்டம் அவர்களுடைய நீதிமன்றங்களை ஒழித்தது. கூட்டாக இருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடவும் வழிவகுத்தது. தனிப்பட்டா ஆனதும் நிலத்தை விற்க வைப்பது எளிது. ஏமாற்றிப் பறிப்பது அதைவிட எளிது. 1905இல் மஸ்கோகி நகரில் கூடிய பூர்வகுடித் தலைவர்கள் 'செக்வோயா' என்ற பெயரில் தனி மாநிலம் கேட்டு அரசியல் சட்டமே எழுதினார்கள். அப்பகுதி வாக்காளர்கள் பெருவாரியாக ஆதரித்தும் அமெரிக்க நாடாளுமன்றம் கண்டுகொள்ளவில்லை. 1907இல் ஐந்து இனங்களின் பகுதியையும் குடியேறிகளின் பகுதியையும் இணைத்து ஒரே மாநிலமாக்கியது. கத்ரியில் நடந்த விழாவில் கவ்பாய் மணமகனுக்கும் பூர்வகுடி மணமகளுக்கும் போலித் திருமணம் செய்துவைத்துக் கொண்டாடினார்கள். மணமகளின் சீதனம் நிலம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிய சட்டமன்றம் இயற்றிய முதல் சட்டம், ரயிலில் கறுப்பினத்தாருக்குத் தனிப் பெட்டி. தாத்தாவுக்கு வாக்குரிமை இருந்தவர்களுக்கு எழுத்தறிவுத் தேர்விலிருந்து விலக்கு என்று வளைத்துக் கொண்டுவந்த திருத்தத்தை 1915இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தலைநகரும் அடாவடியாகவே மாறியது. 1913 வரை கத்ரியே தலைநகர் என்று கூட்டரசின் சட்டம் சொல்லியிருந்தும், 1910 ஜூனில் வாக்கெடுப்பு முடிந்த கையோடு ஆளுநர் சார்லஸ் ஹாஸ்கெல் மாநில முத்திரையை ஓக்லஹோமா சிட்டிக்கு வரவழைத்துவிட்டார். சலவைத் துணிக்குள் சுற்றிக் கடத்தினார்கள் என்று கத்ரிக்காரர்கள் இன்னும் கதை சொல்வார்கள். ஆனால் மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் ஹாஸ்கெல் பக்கமே தீர்ப்பளித்தது.

இதற்கிடையே எண்ணெய் பொங்கியது. ஓசேஜ் இனத்தார் தங்கள் நிலத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள். ஆகவே பங்கு பிரித்தபோது நிலத்தடி வளத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ள அவர்களால் பேரம் பேச முடிந்தது. பட்டியலில் இருந்த 2,229 பேருக்கும் எண்ணெய் வருமானத்தில் சமபங்கு. பங்கை விற்க முடியாது. வாரிசாக மட்டுமே அடைய முடியும். இந்த விதியே எமனானது. 1921 முதல் ஓசேஜ்கள் சுடப்பட்டும் நஞ்சூட்டப்பட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். தன் சகோதரி மகனை மாலி என்ற ஓசேஜ் பெண்ணுக்கு மணமுடித்து, அவளுடைய உறவினரைத் தீர்த்துக்கட்டிப் பங்குகளை ஒரே வீட்டில் குவிக்கத் திட்டமிட்ட கால்நடைப் பண்ணைக்காரர் வில்லியம் ஹேலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பெரும்பாலான சாவுகளுக்கு யாருமே தண்டிக்கப்படவில்லை.

அதே 1921இல், மே 31 இரவு, டல்சாவில் கறுப்பினத்தார் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் வெள்ளையர் கும்பல் புகுந்தது. மின்தூக்கியில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்தார் என்று காலணி துடைக்கும் கறுப்பின இளைஞர் மீது கிளம்பிய புகார்தான் சாக்கு. பின்னர் அந்த வழக்கே கைவிடப்பட்டது. மறுநாள் மதியத்துக்குள் 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அன்றைய அரசுக் கணக்கில் சாவு 36. 300 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர் மதிப்பீடு. 'கலவரம்' என்று பெயரிட்டதால் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. தீப்பிடிக்காத கட்டடம்தான் கட்ட வேண்டும் என்று விதி போட்டு நகராட்சி கிரீன்வுட் மக்களை வெளியேற்றப் பார்த்தது. கூடாரத்தில் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞர் பி.சி. ஃபிராங்க்ளின் வழக்காடி அந்த விதியை உடைத்தார். அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊரே வாய் திறக்கவில்லை. மாநில ஆணையம் அமைந்தது 1997இல்தான்.

1930களின் புழுதிப் புயல்களும் (1935 ஏப்ரல் 14இன் 'கறுப்பு ஞாயிறு' அவற்றில் கொடியது), 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா சிட்டியில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பும் உலகறிந்தவை. புழுதிப் புயல் காலத்தைப் பற்றிய ஸ்டைன்பெக் நாவலில் வரும் குடும்பம் கிளம்பும் சாலிசா, புழுதி மண்டலத்துக்கு வெகு கிழக்கே உள்ள ஊர். அப்பக்கத்துக் குத்தகைக்காரர்களை விரட்டியதில் புழுதியைவிடக் கடனுக்கும் டிராக்டருக்கும் பங்கு அதிகம்.

2020 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு கூறியது: மஸ்கோகி ஒதுக்கீட்டு நிலத்தை நாடாளுமன்றம் எப்போதும் வெளிப்படையாகக் கலைக்கவில்லை, எனவே குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் பூர்வகுடி நிலமே. மாநில நீதிமன்றங்கள் இதை மற்ற நான்கு இனங்களுக்கும் நீட்டித்தபோது கிழக்கு ஓக்லஹோமாவின் பெரும்பகுதி, டல்சா உட்பட, அதற்குள் வந்துவிட்டது. நிலவுடைமை மாறவில்லை, வழக்குத் தொடரும் அதிகாரம் மாறியது. பூர்வகுடிகளுக்கு எதிராக மற்றவர்கள் செய்யும் குற்றங்களில் மாநிலத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2022இல் அதே நீதிமன்றம் சற்றுப் பின்வாங்கியது. டல்சாவில் வேகமாகக் கார் ஓட்டியதற்காக 150 டாலர் அபராதம் கட்டிய சோக்டா ஒருவரும் வழக்குப் போட்டார். 1898ஆம் ஆண்டின் கர்ட்டிஸ் சட்டப்படி தனக்கு அந்த அதிகாரம் இருப்பதாக நகராட்சி வாதாடியது; இல்லை என்று 2023இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.