தூங்காத ஒரு ராத்திரியும் அடினோசினும்

இதயம் திடீர்னு நிமிடத்துக்கு 180, 200 முறை துடிக்கும் நிலையில் சிலர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார்கள். அதில் ஒரு வகைக்கு நாங்கள் ரத்தக்குழாய் வழியாக வேகமாகச் செலுத்தும் மருந்து அடினோசின்.

மானிட்டரில் சில விநாடிகள் கோடு நேராகப் போகும். பார்க்கிற எங்களுக்கே பக்குனு இருக்கும். அப்புறம் இயல்பான துடிப்பு திரும்பிவிடும்.

அடினோசினுக்கு இந்த வேலை தெரியும் என்று 1929லேயே கண்டுபிடித்தவர்கள் டிரூரி, சென்ட்-ஜியார்ஜி. இந்த சென்ட்-ஜியார்ஜிதான் பின்னாளில், 1937ல் நோபல் பரிசு வாங்கியவர்.

ஆனா இது நம்ம உடம்பே தயாரிக்கும் பொருள்தாங்க. செல்கள் எரிசக்திக்காக ஏடிபியைச் செலவழிக்கும்போது மிச்சமாவது அடினோசின். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் இது சேரும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதன் ஏற்பிகளை அடைத்து அந்தத் தூக்கத்தை விரட்டுவதுதான் காபி.

இப்போ கதை மனச்சோர்வு பக்கம் திரும்புது.

1971ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர மருத்துவர்கள் ஃப்ளூக், டோலே ஒரு விசித்திரமான சிகிச்சையை எழுதினார்கள். கடும் மனச்சோர்வில் இருப்பவரை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வைத்தால், மறுநாளே மனம் தெளிகிறது!

எல்லாருக்கும் இல்லை, ஏறக்குறைய பாதிப் பேருக்கு. அதிலும் பலருக்கு நன்றாகத் தூங்கி எழுந்ததும் பழைய இருட்டு திரும்பிவிடும்.

இதில் என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர் அந்த வாரங்களை உயிரோடு கடக்க வேண்டுமே! வேகமான சிகிச்சையைத் தேடுவதற்குக் காரணம் அதுதான்.

வேகமாகப் பலன் தருபவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, 1938ல் ரோமில் தொடங்கிய மின்வலிப்பு சிகிச்சை. இன்னொன்று, மயக்க மருந்தான கீட்டமின்; இது சில மணி நேரத்திலேயே சோர்வைக் குறைப்பதை 2000ல் அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வழிகள். பொதுவா என்ன இருக்கு?

2013ல் எலிகளில் பார்த்தார்கள்: தூக்கமிழப்பு தரும் பலன் அடினோசின் வழியாகவே வருகிறது. 2025ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, கீட்டமினும் மின்வலிப்பும்கூட மூளையில் அடினோசினைக் கூட்டுகின்றன என்றது. அதன் ஏற்பிகளை அடைத்தால் பலனும் போயிற்று. இதுவும் எலிகளில்தான்.

அப்போ அந்த அடினோசின் ஊசியையே போட்டுடலாமேன்னு தோணும். முடியாது. ரத்தத்தில் சில விநாடிகளில் அது காணாமல் போய்விடும். மூளைக்குள் அதைப் பாதுகாப்பாகக் கூட்டும் வழியைத்தான் இப்போது தேடுகிறார்கள்.

இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டில் ராத்திரி கண்விழித்துப் பரிசோதிக்க வேண்டாம். இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு அது மனஎழுச்சியைத் தூண்டிவிடலாம். சாப்பிடும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீங்க.

மனச்சோர்வு சோம்பேறித்தனமும் இல்லை, மனபலக் குறைவும் இல்லை. மூளையின் வேதியியலும் சேர்ந்த நோய். நோய்னா வைத்தியம் உண்டு.

மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416க்கு எந்நேரமும் அழைக்கலாம். டெலி மானஸ், கட்டணம் கிடையாது.