மூன்று நாவல்களும் ஒரு பள்ளிக்கூடமும்

அண்மைக்காலத்தில் வாசித்த நாவல்களுள் மூன்றைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. அறிஞர் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885), தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) என்பனவே அவை. முதல் நாவலுக்கும் கடைசி நாவலுக்கும் இடையில் 119 ஆண்டுகள். களமும் மொழிநடையும் நோக்கும் முற்றிலும் வேறு. எனினும் அடுத்தடுத்து வாசித்தபோது, மூன்றும் ஒரே வாசலைச் சுற்றி நிற்பதாகவே எனக்குப்பட்டது. அது பள்ளிக்கூடத்தின் வாசல்.

‘அசன்பே சரித்திரம்’ நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி பெயர் சொல்லப்படும் நூல். ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவது என்போம். 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு ஆறு ஆண்டுகளே பிந்தியது என்போம். திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895) அதற்குப் பத்து ஆண்டுகள் பிந்தியது என்றும் கணக்குச் சொல்வோம். இந்தப் பெருமைகள் நியாயமானவையே. ஆனால் ‘முதலாவது’ என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நூலை எடுத்து வாசிப்போர் எத்தனை பேர்?

கதை எகிப்திலே தொடங்குகிறது. பிரபு குடும்பத்துக் குழந்தையொன்று களவாடப்பட்டுக் கடல்கடந்து பம்பாய்க்கு வந்து சேருகிறது. அசன் என்ற அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வியும் பெற்று, பல ஆபத்துகளைக் கடந்து, முடிவில் எகிப்துக்குச் சென்று பெற்றோரை அடைகிறான். தற்செயல் நிகழ்ச்சிகள் மலிந்த கதைதான். இன்றைய வாசகருக்குப் பழைய அறபுக் கதைகளின் சாயலும் தெரியும். ஈழத்து மண் அதில் இல்லை என்பது விமர்சகர்கள் வழமையாகச் சொல்லும் குறை.

அக்குறையை அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1882 ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தது. செப்டெம்பரில் தெல் எல் கபீர் போரில் அறாபி பாஷா தோற்றார். 1883 ஜனவரியில் அவரும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 1882 டிசம்பரில், சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். ஆகவே 1885இல் எகிப்து என்பது இலங்கைச் சோனகருக்குத் தூரதேசக் கற்பனை அல்ல. அந்நாட்டின் தலைவர்கள் இத்தீவிலேயே கைதிகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அதைவிட முக்கியமானது கதாநாயகன் யார் என்பது. ஆங்கிலம் கற்றவன், ஆங்கிலேயரோடு சமமாகப் பழகுபவன், ஆயினும் முஸ்லிமாகவே இருப்பவன். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளின் வழியே கிடைத்தது. பிள்ளை படித்தால் மார்க்கத்தை இழப்பான் என்ற அச்சம் பெற்றோரிடம் ஆழமாக இருந்தது. அந்த அச்சத்துக்குச் சித்திலெப்பை பத்திரிகையிலே கட்டுரைகளால் பதிலளித்தார். நாவலிலே ஒரு மனிதனைப் படைத்துக் காட்டினார். அசன் நடமாடும் பதில்.

ஆனால் கதையில் அசன் எளிதில் வென்றான். நிஜத்தில் சித்திலெப்பைக்கு அது எளிதாயிருக்கவில்லை. 1884இல் கொழும்பில் அவர் முன்னின்று தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் துணையோடு மருதானையில் மீண்டும் தொடங்கியதே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாயிற்று. 1884இல் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோர் யார், அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை ‘அசன்பே’ சொல்லவில்லை. சீர்திருத்தவாதி எழுதிய நாவலில் எதிர்த்தவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த எதிர்த்தவனை நான் கண்டது நூறு ஆண்டுகளின் பின், கடலுக்கு அப்பால், மீரானின் நாவலில். திருவிதாங்கூர்க் கரையோரத்து முஸ்லிம் கிராமமொன்று. விடுதலைக்கு முந்திய காலம். ஊரின் அதிகாரம் முழுவதும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் கையில். அங்கே ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருகிறது. ஊர் கொந்தளிக்கிறது. அது காபிர்களின் பாஷை, படித்தால் ஈமான் போய்விடும் என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் அந்த வெறுப்பின் நடுவே நிற்கிறார்.

மீரானின் சிறப்பு, அவர் இவர்களைக் கேலிச்சித்திரமாக்கவில்லை என்பதே. அறியாமை ஒரு காரணம். அதிகாரம் இன்னொரு காரணம். எழுதப் படிக்கத் தெரிந்த பையன் நாளைக்கு முதலாளியின் முன்னால் தோளில் துண்டோடு நிற்பான். முதலாளி பயப்படுவது அந்த நாளுக்குத்தான். மார்க்கத்தின் பெயரால் பேசப்பட்டதில் எவ்வளவு மார்க்கம், எவ்வளவு முதலாளித்தனம் என்பதை நாவல் வாதமாகச் சொல்லாமல் மனிதர்களாகக் காட்டுகிறது. சித்திலெப்பை சந்தித்த எதிர்ப்பின் உள்முகத்தை இங்கேதான் என்னால் ஊகிக்க முடிந்தது.

சல்மாவின் நாவல் இன்னும் உள்ளே போகிறது. மீரானின் ஊரில் சண்டை தெருவிலும் பள்ளிவாசலிலும் நடக்கிறது. சல்மாவின் ஊரில் அது அடுப்படியிலும் படுக்கையறையிலும் நடக்கிறது. ராபியா என்ற சிறுமியின் கண்கள் வழியே பல பெண்களின் வாழ்வு விரிகிறது. இங்கே பையன்கள் படிப்பதை எவரும் தடுப்பதில்லை. அந்தச் சண்டை முடிந்துவிட்டது. ஆனால் பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிற்க வேண்டும் என்ற எழுதாத சட்டம் அப்படியே இருக்கிறது. சல்மாவின் சொந்தப் பள்ளிப்படிப்பும் அவ்வாறு இடைநின்றதுதான். அதை அவரே பகிரங்கமாகக் கூறியிருக்கிறார். அவரது எழுத்தில் கோபம் உண்டு, ஆனால் அது கூச்சலிடுவதில்லை. பெண்கள் தமக்குள் பேசிச் சிரிக்கும் இடங்களில்தான் துயரம் கனக்கிறது. அந்தப் பேச்சை அச்சில் கண்டு முகம் சுளித்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் நாவலை முழுமையாக வாசித்தால் நல்லது.

இவ்விடத்தில் சித்திலெப்பையை மீண்டும் நினைக்காமலிருக்க முடியாது. கண்டியிலே பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை தொடங்கியவரும் அவரே. 1898இல் அவர் மறைந்து ஒரு நூற்றாண்டின் பின்னரும் பள்ளி வாசலிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட சிறுமியின் கதையை நமது மொழியில் ஒரு பெண் எழுத வேண்டியிருந்தது.

சமூக வரலாறு தொடங்கியவர்களின் பெயரையும் திறப்புவிழாத் திகதியையும் பதிந்து வைக்கும். அனுப்ப மறுத்த வாப்பாவையும், பாதியில் நிறுத்தப்பட்ட மகளையும், ஒளித்து வைக்கப்பட்ட புத்தகத்தையும் அது பதிவதில்லை. அவர்களுக்கு நாவலைத் தவிர வேறு ஏடு கிடையாது. தேங்காய்ப்பட்டினத்துக்கு மீரானும் துவரங்குறிச்சிக்குச் சல்மாவும் அந்த ஏட்டை எழுதித் தந்துவிட்டார்கள்.

நம்மிடம் 1884ஆம் ஆண்டுக் கொழும்பு இருக்கிறது. நிலைக்காமற் போன ஒரு பாடசாலை, அதன் வெறுமையான வாங்குகள், பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போனவர்கள், கதவைத் திறக்காதவர்கள், கண்டியிலே அட்சரம் கூட்டக் கற்ற முதற் சிறுமிகள். என் வாசிப்பில் இந்தக் கதையை எழுதிய ஈழத்து நாவல் எதுவும் தென்படவில்லை. முதல் நாவலை எழுதியவரின் வாழ்வே எழுதப்படாத நாவலாகக் கிடக்கிறது. இளம் எழுத்தாளர் எவரேனும் அதைக் கையிலெடுப்பாராயின், ‘அசன்பே’க்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை அதுவாகவே இருக்கும்.