கூடம் கோணலா? – வீட்டில் ஒலிப்பதிவு வளர்ந்த கதை



‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தம்முடைய குறையை மறைக்க இடத்தின்மேல் பழி போடுகிறவர்களைச் சுட்டிக்காட்ட எழுந்தது அது. ஆனால், வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் கலையில் மட்டும் இப்பழமொழியைச் சற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே பலரும் கருவியைத்தான் குறை கூறுகிறார்கள். கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதைக் கவனிப்பதில்லை.

இதை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னர், ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் மூதாட்டி ஒருவர் பாடிய தாலாட்டைப் பதிவு செய்தோம். இரவல் வாங்கிச் சென்றதாயினும் நல்ல கருவிதான். அதைப் பலகை மேசையின்மேல் வைத்தோம். பாட்டி எதிர்ச்சுவரோரம் பாயில் அமர்ந்து பாடினார். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றது. வீடு திரும்பி ஒலிநாடாவைக் கேட்டபோது, விசிறியின் இரைச்சலும் மேசையில் தேநீர்க் கோப்பை வைத்த ஓசையும் கணீரென்று ஒலித்தன. பாட்டியின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இன்னொரு முறை பதிவு செய்துகொள்ளலாம் என்று நாள் கடத்தினோம். மீண்டும் அவ்வீட்டுக்குப் போனபோது பாட்டி இல்லை. அந்தத் தாலாட்டின் சில அடிகள் இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெளியவும் ஆளில்லை.

கருவி நல்லதாயிருந்தும் பதிவு ஏன் கெட்டது? இதற்கு விடை காண, ஒலிப்பதிவு வீட்டுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், உருளையில் சுற்றிய வெள்ளீயத் தாளில் தம் குரலைப் பதித்து, அதைத் திரும்பவும் பேச வைத்தார். அதன் பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒலிப்பதிவுக்கு மின்சாரமே பயன்படவில்லை. பாடகரும் இசைக்குழுவினரும் பெரிய கூம்பு ஒன்றின் முன் நெருங்கி நின்று பாடுவார்கள், இசைப்பார்கள். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ திருகு ஏதும் கிடையாது. ஆகவே, உரக்க ஒலிக்கும் எக்காளக்காரரைப் பின்னே தள்ளி நிறுத்தினார்கள். பாடகரைக் கூம்பின் வாயருகே நிறுத்தினார்கள். யார் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதே அன்றைய ஒலிப்பதிவாளரின் முதன்மையான திறமை. 1925இல் மின்சார ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்யும் முறை பரவிய பிறகும் அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை.

காந்தத்தின் துணைகொண்டு ஒலியைப் பதியும் முறையை 1898இல் டென்மார்க் நாட்டவரான வால்டெமார் பவுல்சன் கண்டுபிடித்தார். அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபுளூமர் தாள் நாடாவில் இரும்புத் துகளைப் பூசினார். அதன் வழிவந்ததே ‘மேக்னடோஃபோன்’. 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்த ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படைவீரர், நள்ளிரவு கடந்தும் ஜெர்மன் வானொலியில் இசைக்குழு நேரில் வாசிப்பதுபோல் தெளிவாகக் கேட்பதை எண்ணி வியந்தார். போர் முடிந்தபின் ஜெர்மனியில் அக்கருவியைக் கண்டதும் மர்மம் விளங்கியது. இரண்டு கருவிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தாயகத்துக்கு அனுப்பினார். 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். புகழ்பெற்ற வானொலிப் பாடகர் பிங் கிராஸ்பி அடுத்த ஆண்டிலேயே தம் நிகழ்ச்சியை நாடாவில் பதிவு செய்யத் தொடங்கினார். ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் இத்தகைய கருவிகளை உருவாக்க அவர் கொடுத்த தொகை 50,000 அமெரிக்க டாலர். அக்காலத்தில் ஒலிநாடாக் கருவி என்பது எளியவர் எட்டிப் பார்க்கவும் முடியாத பொருளாக இருந்தது.

ஆயினும், வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும் என்ற வேட்கை சிலரை விடவில்லை. கிதார் கலைஞர் லெஸ் பால், ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையைப் பதிவுக் கூடமாக மாற்றினார். இசைத்தட்டு வெட்டும் பொறியைத் தாமே அமைத்தார். அதற்குக் காடிலாக் காரின் சுழற்சக்கரம் ஒன்று உதவியது. ஒரு தட்டில் பதிந்த இசையோடு சேர்ந்து வாசித்து அடுத்த தட்டில் பதிவார். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ப்பார். இடையில் ஒரு விரல் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்! பின்னர் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் கருவியை அன்பளிப்பாகத் தந்தார். லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் அத்தகைய கருவியைக்கொண்டு வீட்டிலேயே பதிவு செய்த பாடல் ஒன்று 1951இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அக்காலத்தில் பாடகர்கள் ஒலிவாங்கியை விட்டுத் தள்ளி நின்றே பாடுவது வழக்கம். லெஸ் பாலோ மேரி ஃபோர்டை அதன் அருகே நிறுத்திப் பாடவைத்தார். குரல் காதோடு பேசுவதுபோல் கேட்டது. கூம்பின் காலத்துப் பாடம் மீண்டும் கைகொடுத்தது எனலாம்.

லண்டனில் ஜோ மீக் என்பவர் ஹாலோவே சாலையில் 304ஆம் எண் கட்டடத்தில், தோல் பொருள்கள் விற்கும் கடைக்கு மேலே குடியிருந்தார். அந்தக் குடியிருப்பே அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். அங்கே அவர் உருவாக்கிய ‘டெல்ஸ்டார்’ என்னும் இசை 1962இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. எதிரொலி வேண்டுமானால் குளியலறையைப் பயன்படுத்துவார். 1964இல் ஒரு பாடலுக்குக் காலடி ஓசை வேண்டியிருந்தது. குழுவினரை மரப்படிக்கட்டில் நின்று மிதிக்கச் சொன்னார். சைக்கிள் ஓட்டுவோர் காற்சட்டை நுனியில் மாட்டும் கவ்விகளால் படிக்கட்டின் கைப்பிடியில் ஒலிவாங்கிகளைப் பொருத்தினார். அப்பாடலும் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. குளியலறையின் சுவர் எப்படி ஒலிக்கும், மரப்படி எப்படி அதிரும் என்பதையெல்லாம் அவர் கேட்டுக் கேட்டு அறிந்து வைத்திருந்தார். தம் கூடத்தின் கோணலை அவர் பழிக்கவில்லை. அதையே வேலை வாங்கினார்.

1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கைக்கடக்கமான ஒலிப்பேழையை அறிமுகப்படுத்தியது. அதைக்கொண்டு 1979இல் டியாக் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்ற கருவியை வெளியிட்டது. சாதாரணப் பேழையில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிந்து, பிறகு ஒன்றாகக் கலக்க அதனால் முடிந்தது. நாடாவின் வேகம் நொடிக்கு 9.5 சென்டிமீட்டர். பெரிய கூடங்களில் நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். தரத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது என்றே எவரும் நினைப்பர்.

ஆனால் நடந்தது வேறு. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தம் வீட்டுப் படுக்கையறையில், இக்கருவியையும் இரண்டு எளிய ஒலிவாங்கிகளையும் வைத்துக்கொண்டு தம் புதுப் பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். அந்தப் பேழையைப் பல நாள் உறைகூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். பிறகு பெரிய கூடத்தில் குழுவினருடன் அதே பாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்; படுக்கையறைப் பதிவில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. கடைசியில் அந்தப் பேழையே இசைத்தட்டாகியது. ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் 1982 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்து, இன்றளவும் போற்றப்படுகிறது. அந்த அறையில் தடித்த மயிர்க்கம்பளம் விரித்திருந்ததால் எதிரொலி மிகக் குறைவு என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நேயர்களே, அந்தக் கம்பளத்தை நாம் மறந்துவிடக்கூடாது.

அதன்பின் கணினி வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ‘அடாசிட்டி’ என்னும் மென்பொருளை எவரும் காசில்லாமல் பெறலாம். லெஸ் பால் பல தட்டுகளைப் பாழாக்கிச் செய்ததை இன்று பள்ளி மாணவர் ஒருவர் சில நொடிகளில் செய்கிறார். பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண்ணும் அவருடைய அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெற்றோர் வீட்டின் சிறு படுக்கையறையில் பதிவு செய்த இசைத்தொகுப்பு 2019இல் வெளிவந்து, 2020இல் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதே 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, உலகின் பல வானொலி அறிவிப்பாளர்கள் துணி அலமாரிக்குள்ளும் போர்வைக்கடியிலும் அமர்ந்து குரல் கொடுத்தார்கள்.

கம்பளம், துணி அலமாரி, போர்வை – இவற்றுக்கும் ஒலிப்பதிவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நாம் பேசும்போது குரல் நேராக ஒலிவாங்கியை அடைகிறது. அதோடு, சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பும் ஒலியும் சற்றுப் பிந்தி வந்து சேர்கிறது. நம் மூளை இவ்விரண்டையும் பிரித்தறிந்து, வேண்டாததை ஒதுக்கிவிடும். மின்விசிறியின் இரைச்சலையும் அது மறந்துவிடும். ஒலிவாங்கிக்கு மூளை ஏது? வந்ததையெல்லாம் அது அப்படியே வாங்கிக்கொள்கிறது. மெத்தென்ற துணி ஒலியை உறிஞ்சித் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளும். பளிங்குத் தரையும் சிமெண்டுச் சுவரும் உள்ள அடுக்குமாடி வீட்டில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிறகு, திறந்த துணி அலமாரியின் முன் நின்று கைதட்டிப் பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரலின் அளவு 6 டெசிபெல் குறையும். அறையிலும் நேர்க்குரல் ஏறத்தாழ அப்படியே குறைகிறது. விசிறி இரைச்சலும் எதிரொலியும் பெரும்பாலும் குறைவதில்லை. எனவே, நான்கு சாண் தூரத்திலிருக்கும் ஒலிவாங்கியை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபெல் மேலோங்கி நிற்கும். இந்த ஆதாயத்தை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது! மூச்சுக் காற்று நேரே மோதாதபடி ஒலிவாங்கியை வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் போதும்.

ஆக, நம்மிடமுள்ள கைப்பேசியே போதுமானது. அதை வெறும் மேசையில் வைக்காமல், மடித்த துண்டின்மேல் வையுங்கள். விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் ஓயும்வரை காத்திருங்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டு, மெத்தைக்கும் துணிகளுக்கும் அருகே உட்காருங்கள். முதலில் அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்து, குறையிருந்தால் அப்போதே திருத்துங்கள். நாம் அன்று செய்யத் தவறியது இதைத்தான்.

போர்ட்டாஸ்டூடியோ வெளிவந்த அதே 1979ஆம் ஆண்டில்தான், சிங்கப்பூர் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. எழுதப்படாத வரலாற்றை மூத்தோரின் குரலிலேயே சேர்த்து வைப்பது அதன் நோக்கம். ஆனால், எந்தக் காப்பகமும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட முடியாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கதையும், கப்பலேறி வந்த தாத்தாவின் நினைவும், நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நம் வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கின்றன.

நேயர்களே, இந்த வாரமே உங்கள் பாட்டியையோ பெரியப்பாவையோ அருகில் அமர்த்திப் பேசவிடுங்கள். பெயர், ஊர், தேதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். படி ஒன்றை வேறோரிடத்திலும் சேமித்து வையுங்கள். எடிசன் காலத்திலிருந்து கருவியின் விலைதான் படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. அறையை அறிந்துகொள்ளும் செவிக்கு என்றும் விலை இருந்ததில்லை. மின்விசிறியை நிறுத்தி, ஒரு சாண் நெருங்கி அமர்ந்திருந்தால், அந்தத் தாலாட்டு இன்று முழுமையாக நம்மிடம் இருந்திருக்கும்.