மலைக்கு வந்த லினக்ஸ் குறுந்தகடு

கம்ப்யூட்டரில் எதையும் ஏத்தாமல், இருப்பதை அழிக்காமல், ஒரு குறுந்தகட்டை மட்டும் உள்ளே தள்ளி முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். லைவ் சிடி. டவுன்ல இருந்தவங்களுக்கு இது ஒரு வசதி, அவ்வளவுதான். எங்க கொல்லிமலை மாதிரி ஊரில் இதன் அர்த்தமே வேற. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் கொசுவத்தி. பொறுத்துக்குங்க மக்களே :-)

முதல்ல வரலாறு. 1992 டிசம்பரில் அமெரிக்காவில் 'இக்டிரசில்' என்று ஒரு லினக்ஸ் சிடி வந்தது. சிடியிலிருந்தே ஓடக்கூடிய முதல் லினக்ஸ் அதுதான். ஆனா துவக்கறதுக்கு ஒரு ஃபிளாப்பி வேணும், ஏன்னா அப்போதைய பயாஸுக்கு சிடியிலிருந்து பூட் பண்ணவே தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்த 'எல் டொரிட்டோ' விதிமுறையை 1995ல் ஐபிஎம்மும் ஃபீனிக்ஸும் சேர்ந்து வெளியிட்டாங்க. (அது ஒரு மெக்சிகன் ஓட்டலோட பேராம். மசால்தோசைன்னு வெச்சிருந்தா நாமளும் பெருமைப்பட்டிருக்கலாம்.)

உண்மையிலேயே விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது, ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000ல் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்'. டெபியனை அடிப்படையா வெச்சது. 700 எம்.பி. சிடிக்குள்ள கிட்டத்தட்ட 2 ஜி.பி. மென்பொருளைச் சுருக்கி அடைச்சு, தேவைப்படும்போது தேவையான துண்டை மட்டும் விரிச்சுக்கும். என்னைக் கேட்டா அதைவிடப் பெரிய சாதனை, வன்பொருளைத் தானா கண்டுபிடிச்சது. அந்தக் காலத்தில் லினக்ஸ் நிறுவினவங்களைக் கேட்டுப் பாருங்க. மானிட்டரோட அதிர்வெண்ணைக் கையால டைப் பண்ணி, திரை கறுப்பா நின்னு, திரும்ப முதல்லேருந்து. நாப்பிக்ஸில் சிடியைப் போட்டு ரெண்டு மூணு நிமிஷம் காத்திருந்தா டெஸ்க்டாப் வந்து நிற்கும்.

இது எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். சிடியில் எழுத முடியாது. ஆனா ஓடுற எந்த இயங்குதளமும் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும். அதனால எழுதறது எல்லாம் ராமுக்குப் போகும். நாப்பிக்ஸ் 2005ல் 'யூனியன் எஃப்எஸ்'ஸுக்கு மாறினதும் இது இன்னும் சுத்தமாச்சு. புத்தகத்து மேல ஒரு கண்ணாடித்தாளைப் போட்டு அதுல எழுதற மாதிரி வெச்சுக்குங்க. பார்க்கறவனுக்குப் புத்தகத்திலேயே எழுதின மாதிரி தெரியும். கரண்ட்டை நிறுத்தினா கண்ணாடித்தாள் காலி, புத்தகம் அப்படியே இருக்கும்.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். 56 கே டயல்அப்பில் 700 எம்.பி. இறக்கணும்னா, முழு வேகம் கிடைச்சாலே 28 மணி நேரத்துக்கு மேல ஆகும். முழு வேகம் எந்த ஊர்ல கிடைச்சுது? அதனால லினக்ஸ் நம்ம ஊர்களுக்கு வந்தது பத்திரிகை சிடியிலும், கை மாறின நகல்களிலும், அப்புறம் தபாலிலும்தான். உபுண்டு 2004 அக்டோபரில் வந்தப்ப, கேனானிகல் நிறுவனம் 'ஷிப்இட்'ங்கற பேர்ல உலகம் முழுக்க இலவசமா சிடி அனுப்புச்சு. தபால் செலவும் அவங்களுதே. ஆரம்பத்தில் உறைக்குள்ள ரெண்டு சிடி இருக்கும்: ஒண்ணு நிறுவ, இன்னொண்ணு நிறுவாமலே ஓட்டிப் பார்க்க. 2006 ஜூனில் வந்த 6.06லேருந்து ரெண்டும் ஒரே சிடி ஆச்சு. ஓட்டிப் பாரு, பிடிச்சா அங்கிருந்தே நிறுவிக்கோ.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அப்படி ஒரு சிடி செம்மேடு வந்து சேர்ந்தது. நாமக்கல்லில் பாலிடெக்னிக் படிச்ச பெரியப்பா பையன் வரவழைச்சது, 8.04. அவனுக்கும் கம்ப்யூட்டர் கிடையாது, எனக்கும் கிடையாது (நான் அப்ப ஆறாவதோ ஏழாவதோ). இருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர். கடைக்காரர் பயந்ததில் நியாயம் இருந்தது. "தம்பி, உள்ள ஊர் சனத்தோட மனு, கணக்கு எல்லாம் இருக்கு, ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கறது?" ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே மாட்டோம்ணே, சிடியை எடுத்தா எல்லாம் பழையபடி இருக்கும்னு அண்ணன் சத்தியம் பண்ணாத குறையா சொன்னப்புறம்தான் விட்டார்.

நான் சொல்ல வர்றது இதைத்தான். சொந்தமா மெஷின் வெச்சிருக்கறவனுக்கு லைவ் சிடி ஒரு முன்னோட்டம். இரவல் மெஷின் மட்டுமே உள்ளவனுக்கு வேற வழியே கிடையாது. அடுத்தவர் பொருளைக் கெடுக்காமல் கத்துக்கற உரிமையை அந்தத் தகடு கொடுத்துச்சு.

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்தது. அண்ணன் பென் டிரைவில் தமிழ்ப் பக்கங்கள் சிலதைச் சேமிச்சு வெச்சிருந்தான். அந்தக் கடை எக்ஸ்பியில் கொம்பும் காலும் கண்ட இடத்தில் நிக்கும். எக்ஸ்பியில் தமிழ் யூனிகோடு ஒழுங்கா தெரியணும்னா தனியா ஒரு வசதியை டிக் பண்ணி, எக்ஸ்பி சிடியையும் போட்டு ஏத்தணும். அந்த சிடி எத்தனை கடையில் இருந்துச்சு? 8.04 லைவ் சிடியில் அதே பக்கம் எதையும் ஏத்தாமலே ஒழுங்கா வந்துச்சு. கடைக்காரர் சத்தமா வாசிச்சுப் பார்த்தார்.

அரசாங்கமும் சும்மா இல்லை. சி-டாக் சென்னை மையம் டெபியனிலிருந்து உருவாக்கின 'பாஸ்' லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளியாச்சு. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குன்னே செஞ்சது. 2011 செப்டம்பரில் தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோட பாஸும் சேர்ந்தே வந்தது. பிளஸ் டூவில் எனக்கும் ஒண்ணு கிடைச்சது. ஆனா எங்க வகுப்பில் பாஸைத் திறந்து பார்த்தவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நிறைய பேர் அந்தப் பகுதியை அழிச்சிட்டு சினிமா ஏத்தினாங்க. பாஸோட தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். தானா வந்து உக்காந்திருக்கறதைத் திறந்து பார்க்க யாருக்கும் காரணம் இல்லை, காரணம் சொல்லித் தரவும் ஆள் இல்லை. தபால்ல வந்த தகட்டுக்கோ நாங்க கடைக்காரர்கிட்ட அரை மணி நேரம் கெஞ்சினோம்.

அந்தக் கடை விண்டோஸ் ஒரு மழைக்காலத்தில் நீலத் திரையோட நின்னு போச்சு. கீழ இறக்கிக் கொண்டுபோனா ஃபார்மட் பண்ணித்தான் தருவாங்க. அதே 8.04 சிடியைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, மனுக்களையும் கணக்கையும் பென் டிரைவுக்கு மாத்திக் கொடுத்தான் அண்ணன். அதுக்கப்புறம் அந்தத் தகடு கடை கல்லாவுக்குள்ள போயிடுச்சு, எங்களுக்குத் திரும்பக் கிடைக்கலை :-)

ஷிப்இட் 2011 ஏப்ரலில் நின்னு போச்சு. உபுண்டு 24.04 கோப்பு 5 ஜி.பி.யைத் தாண்டும், சாதாரண 4.7 ஜி.பி. டிவிடியிலேயே கொள்ளாது. பென் டிரைவில்தான் பூட் பண்ணணும்.

பி.கு.: யார் வீட்டு அலமாரியிலாவது அந்த ரெட்டை சிடி உறை பிரிக்காம இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. நான் பார்த்ததெல்லாம் ஒத்தை சிடிதான்.