கோடு கற்பித்தவர்கள்

உடுமலைப்பேட்டையின் சரித்திரத்தில் 1928ஆம் ஆண்டு இருவிதத்தில் நினைக்கத்தக்கது. திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி வரை போடப்பட்ட ரயில் பாதை இவ்வூரைத் தொட்டது அவ்வாண்டில், சென்னையில் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடன் பத்திரிகையைத் தம் பொறுப்பில் ஏற்றதும் அதே ஆண்டில்தான். பஞ்சாலைச் சங்கின் ஒலிக்கு விழித்து, தறியோசைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுள், கேலிச்சித்திரம் வரைய வேண்டுமென்று ஆசை கொண்டும் கைபிடித்துக் கற்பிக்க ஒரு குரு வாய்க்காதவனுக்கு, வாரந்தோறும் வந்து சேர்ந்த பத்திரிகையே பாடபுத்தகமாயிற்று. இவ்வித்தையைத் தமிழர் எந்த நூலைக் கொண்டு கற்றனர் என்று வினவினால், முதல் விடை இதுவே.

அதன் வேர் இன்னும் பின்னே செல்கிறது. 1906இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகையின் முகப்பிலேயே அரசியல் கருத்துப்படங்களை இடம்பெறச் செய்தவர் பாரதியார். 1841இல் லண்டனில் பிறந்த 'பஞ்ச்' பத்திரிகையின் வழியைப் பின்பற்றிப் பம்பாயில் 'ஹிந்தி பஞ்ச்' நடந்துவந்த காலம் அது. இத்தகைய படங்களைக் கண்டு பழகாத வாசகருக்காகப் படத்தோடு அதன் விளக்கமும் சேர்ந்தே வந்தமையால், வரையக் கற்பதற்கு முன்பே படத்தைப் படிக்கக் கற்கும் அரிச்சுவடி தமிழருக்குக் கிடைத்துவிட்டது. கருத்துப்படங்களுக்கென்றே 'சித்ராவளி' என்னும் தனிப் பத்திரிகை நடத்தவும் பாரதியார் எண்ணியிருந்தார் என்பதை அறியும்போது, அது கைகூடியிருக்கலாகாதா என்று மனம் ஏங்குகிறது.

பின்னர் விகடனில் 'மாலி' என்ற டி. ஆர். மகாலிங்கம், கச்சேரி மேடையில் வித்வானின் கை உயர்வதையும் முகம் சுளிவதையும் சில ரேகைகளில் பிடித்துக் காட்டினார். கும்பகோணம் சித்திரக் கலாசாலையில் பயின்ற கோபுலு 1941இல் அவரை நாடிச் சென்றபோது, திருவையாற்றில் தியாகையர் பூஜித்த ராமபட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரும்படி பணித்தார் மாலி. தேர்ந்த ஆசிரியர் தந்த முதற்பாடம், 'போய்ப் பார்த்து வா' என்பதாகவே அமைந்தது. அந்தப் பார்வை கனிந்த காலத்தில், ஒரு வார்த்தையும் இல்லாமலே வாசகரைச் சிரிக்கவைத்த ஹாஸ்யச் சித்திரங்கள் கோபுலுவின் கையிலிருந்து பிறந்தன.

மேல்நாட்டிலோ, கேலிச்சித்திரம் வரையக் கற்பிக்கும் நூல்களுக்கென்றே ஒரு பரம்பரை உண்டு. எவ்வளவு கிறுக்கலான முகத்திலும் ஏதோ ஒரு பாவம் தோன்றியே தீரும் என்பதை ஆதாரமாகக் கொண்டு, ஸ்விட்ஸர்லாந்தின் ரொடால்ஃப் டாப்ஃபர் 1845இல் முகபாவங்களைப் பற்றி நூல் இயற்றினார். ஆண்ட்ரூ லூமிஸ் 1939இல் வெளியிட்ட 'ஃபன் வித் எ பென்சில்', உருண்டை ஒன்றைப் போடத் தெரிந்தவனை அதிலிருந்தே முகத்துக்கும், முகத்திலிருந்து உடலுக்கும் படிப்படியாக அழைத்துச் செல்கிறது. கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோவின் 1935ஆம் ஆண்டு நூலோ, இக்கலைஞன் ஒரு மனிதனை எவ்வாறு நோக்குகிறான் என்பதையே விரிவாக ஆராய்கிறது. முன்னது கைக்குப் பாடம். பின்னது கண்ணுக்குப் பாடம்.

எனக்கு இவ்விரண்டின் வேற்றுமை புரிந்தது புத்தகத்தால் அன்று. சிறுவயதில், தேங்காயெண்ணெய் தடவிய காகிதத்தைப் பத்திரிகைப் படத்தின்மேல் வைத்து, தெரிந்த கோட்டையெல்லாம் நகலெடுத்துப் பழகினேன். கோடு வந்தது, ஆள் வரவில்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் ஊரைப் படுத்தும் பாடு யாவரும் அறிந்ததே. ஒருநாள் சந்தையில், தலையில் உருமால் கட்டிய பெரியவர் ஒருவர், மல்லாந்துபோன குடையை ஒரு கையாலும் பறக்கும் வேட்டியை மறு கையாலும் பற்றிக்கொண்டு, கயிற்றுப்பையைப் பல்லில் கவ்வியபடி காற்றை எதிர்த்து நின்றார். வீட்டுக்கு ஓடிவந்து அவரை வரைந்தேன். காற்றுக்கு நான் ஒரு கோடும் போடவில்லை. அவருடைய முதுகு வளைந்த வளைவிலேயே காற்று வந்துவிட்டது.

இன்று நிலைமை மாறிவிட்டது. உலகெங்கும் உள்ள தமிழருக்கு நூல்களை அனுப்பும் உடுமலை.காம் இவ்வூரிலேயே நடைபெறும் காலத்தில், புத்தகம் கிடைப்பது அரிதன்று, தேர்ந்தெடுப்பதே அரிது. ஆகவே, பயிற்சி நூல் வாங்க விழையும் இளைஞனுக்கு நான் சொல்லத்தக்கது ஒன்றே. முடிந்த படங்களை மட்டும் நிரப்பி, இவ்வாறே வரைக என்று கட்டளையிடும் நூல் நகலெடுப்பவனைத்தான் உண்டாக்கும். உருண்டையும் கோடும் எவ்வாறு மனிதனாக மாறுகின்றன என்பதை ஒவ்வொரு படியாகக் காட்டி, பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் உன்னைச் சந்தைக்குப் பென்சிலோடு எழுந்து போகச் செய்யும் நூல் எதுவோ, அதை வாங்கு. மாலி கோபுலுவைத் திருவையாற்றுக்கு அனுப்பியது போல, உன்னை வெளியே அனுப்பத் தெரிந்த நூலே குருவின் ஸ்தானத்துக்கு உரியது.