மலாய் பேசியும் மலாய்க்காரர் ஆகாதவர்கள்: மலாக்கா செட்டிகளும் தேசிய அடையாளமும்

வந்தேறியவர்கள் உள்ளூர் மொழியைப் பேசி, உள்ளூரில் பெண் எடுத்து, உள்ளூர் உடையை உடுத்தினால் நாளடைவில் அந்த மண்ணின் மக்களாகிவிடுவார்கள் என்று பொதுவாக நம்புகிறோம். மலேசியாவின் மலாக்கா அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. சுல்தான்கள் காலத்திலேயே அங்கு வந்து, மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க், இஸ்லாமியரல்லாத மக்களுக்குத் தலைவராக நைனா சட்டு என்ற இந்து வணிகரை அமர்த்தினார். 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது, டச்சு ஆட்சி தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில். கோயிலும் தெய்வமும் நிலைத்தன. தமிழ் மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் போகியன்று முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்குப் பார்ச்சு என்று பெயர். விரிப்பது வாழையிலை, அதில் பரிமாறுவது நாசி லெமாக்கும் மலாய்ப் பலகாரங்களும், பேச்சு மலாய். இவ்வளவு கலந்த பிறகும் இவர்கள் அரசுப் பதிவேட்டில் இந்தியர்களே.

காரணத்தை 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவில் காணலாம். மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவர் என்று அது வரையறுக்கிறது. செட்டிகளுக்கு மொழி உண்டு, வழக்கத்திலும் பெரும்பகுதி உண்டு. முதல் நிபந்தனை இல்லை. இது சுதந்திர நாட்டின் புதுக்கண்டுபிடிப்பு அல்ல. 1913இல் கூட்டு மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷார் இயற்றிய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் மொழியையும் மதத்தையும் சேர்த்தே மலாய்க்காரரை அடையாளம் கண்டது. மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றங்களில் இருந்ததால் அச்சட்டம் அங்கே செல்லவில்லை. ஆனால் அதன் அளவுகோல் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது.

இதே ஊரில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை எதிரே வைத்துப் பார்க்கலாம். தமிழ், அரபு வழி வந்த முஸ்லிம். சிறுவயதில் தமிழும் படித்தார். அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்கிறார்கள். மதம் மட்டுமே கதவைத் திறந்தது என்று சொன்னால், தமிழ் பேசும் இந்திய முஸ்லிம்கள் பலர் இன்னும் இந்தியராகவே எண்ணப்படுவதைக் காட்டி மறுக்கலாம். மறுப்பு சரியே. இஸ்லாம் போதுமான நிபந்தனையல்ல, ஆனால் அது இல்லாமல் மற்ற இரண்டும் செல்லாது.

தோட்டத் தமிழரின் கதையும் இதையே காட்டுகிறது. 1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப்பள்ளிகளுக்கு வழிசெய்ய, லயத்தில் தமிழ் தங்கியது. தமிழ்ப்பள்ளிகள்தாம் இந்தியரைத் தேசிய நீரோட்டத்திலிருந்து பிரிக்கின்றன என்பது இன்றும் கேட்கும் வாதம். அது சரியானால், தமிழை எப்போதோ விட்ட செட்டிகள் முன்னே போயிருக்க வேண்டும். ஆனால் நானூறு ஆண்டு பிந்தி வந்த தோட்டத் தொழிலாளியின் பேரனும் கம்போங் செட்டிக்காரரும் ஒரே கட்டத்தில்தான் நிற்கிறார்கள். மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடிகளுக்கும் சலுகை தரும் பூமிபுத்ரா தகுதியைச் செட்டிகள் கேட்டு வருவது அதனால்தான்.